விரல் அறியாத பெட்டி

மட்டாஞ்சேரி படகில் தினமும் என் எதிரே உட்காரும் அந்த அக்கா, கொச்சங்காடி கிடங்கில் சுக்கு தரம் பிரிப்பவர். எதைத் தொடுமுன்னும் விரல் நுனிகளைப் புடவையில் துடைத்துக்கொள்வார், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும்.

நான் செய்த பாட்டுப்பெட்டி சோப்புக்கட்டி அளவுதான். மேலே ஐந்து தகடுகள். தொட்டால் ஐந்து ஸ்வரங்கள். சாய்த்தால் ஸ்வரம் குழையும். மறுநாள் நூறு பெட்டிகளுக்குத் தகடு வெட்டக் கொடுப்பதாக இருந்தேன். பெருமை தாங்காமல் அவரிடம் நீட்டினேன்.

விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டார். சத்தமே இல்லை. மறுபடி துடைத்துத் தொட்டார். அப்போதும் இல்லை. நான் தொட்டதும் பாடியது.

என் முகம் வாடிவிட்டது. அவர்தான் என்னைத் தேற்றினார்.

"பெட்டிக்குக் குழப்பமொண்ணும் இல்ல தம்பி. ரேஷன் கடை மெஷினுக்கே என் விரல் தெரியாது. சுக்கு தேச்சு ரேகையும் போயி, தோலும் காய்ச்சுப் போச்சாக்கும்."

நல்லவேளை, ஒரு நாள் முன்னால் தெரிந்தது. தகடுகளை விட்டுவிட்டு அழுத்தும் பொத்தான்கள் வைத்தேன். அடுத்த வாரம் படகில் கொடுத்தேன். வழக்கம்போல் துடைத்துக்கொண்டார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்தினார். பாடியது.

எறணாகுளம் வந்து இறங்கும்வரை அவர் பெட்டியைத் திருப்பித் தரவில்லை. இறங்கியபிறகும் நான் கேட்கவில்லை.