அம்மா சொல்லாத பெயர்

“...வெள்ளைக்காரரின் வாயில் எங்கள் பெயர் நுழையவில்லை. ஆளுக்கொரு நம்பரை வில்லையில் பொறித்துக் கழுத்தில் மாட்டச் சொன்னார்கள்” என்று சொல்லிச் சிரித்தார் அந்தப் பெண்மணி. மண்டபத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

எழுபதுகளில், மெல்பேர்ணில், குளிர்காலச் சனிக்கிழமை ஒன்று. அவர் கனடாவின் வடகோடிப் பனிக்கடலோரத்து இனுயிட் பெண். கடலில் எண்ணெய் தோண்டுமுன் எங்களைக் கேளுங்கள், எங்கள் பிள்ளைகளைச் சொந்தப் பாஷையை மறக்கடிக்கும் தூரத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று நாடு நாடாகப் பேசிவந்தவர். “இனி மெல்பேர்ண் குளிரைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது” என்று அப்பா காரிலேயே உத்தரவு போட்டிருந்தார்.

கேள்வி நேரம் வந்தது. பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்கவேண்டும் என்றார் கூட்டத் தலைவர். எங்கும் வாய் திறக்காத அம்மா எழுந்துவிட்டார்.

“மிஸிஸ்...?”

அம்மா நின்றபடி நின்றார். இந்த நாட்டுக்கு வந்ததும் அப்பாவின் தகப்பன் பெயர் எங்கள் எல்லோருக்கும் குடும்பப்பெயராகிவிட்டது. அம்மாவுக்கு அது மாமனார் பெயர். தலை போனாலும் சொல்லமாட்டார். டொக்டரிடம்கூட நாங்கள்தான் சொல்வோம்.

“நீ சொல்லன், பிள்ளை” என்று என் விலாவில் இடித்தார். பத்து வயதுக்காரி நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் யாரோ, “பாவம், தன் பெயரே தெரியவில்லை” என்றார்கள். எழுந்த அப்பாவைத் தலைவர் கையமர்த்தினார், அம்மணியே சொல்லட்டும் என்று. கேட்க வந்ததைக் கேட்காமலே அம்மா உட்காரப்போனார்.

“நீங்கள் சொல்லாத அந்தப் பெயர் யாருடையது?” என்றார் மேடையிலிருந்த அந்தப் பெண்மணி.

“என் அப்பாவுடையது. மரியாதைக்காக இவர் அதைச் சொல்வதில்லை” என்றார் அப்பா.

“எனக்கு வைத்தது என் தாயின் தகப்பன் பெயர். அதனால் என் தாய் என்னை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவார். பெயர் கிடக்கட்டும், நீங்கள் கேளுங்கள்” என்றார் பெண்மணி.

அம்மா நிமிர்ந்தார். தமிழிலேயே கேட்டார்.

“அந்தப் பள்ளிக்கூடத்தால திரும்பி வந்த பிள்ளையளிட்ட, சாப்பிட்டியோ எண்டு எந்தப் பாஷையில கேட்டனீங்கள்?”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எண்ணெய், கடல், அரசாங்கம் எல்லாம் இருக்க, இது என்ன கேள்வி என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் அம்மா தமிழில் கேட்பதற்கெல்லாம் நானும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லிவந்தேன்.

அந்தப் பெண்மணி மேடையை விட்டு இறங்கிவந்து, அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்து, சாப்பிட்டியோ என்று அம்மா கேட்கும் அதே தொனியில், தன் பாஷையில் ஏதோ கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் திரும்பவும் அதையே கேட்டுவிட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தார்.