உரித்தவள் நான், ஏச்சு வாங்கியவள் மகள்

"ஆம்புளையாள அனுப்புங்க தங்கச்சி. உங்களுக்குச் சொன்னா விளங்காது."

போன வியாழக்கிழமை, கல்முனை பஸாரில் றேடியோவும் மணிக்கூடும் திருத்துகிற ஒரு கடையில் எனக்குச் சொல்லப்பட்ட வசனம் இது. சொன்னவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் வயிறு திறந்து கிடந்த ஒரு மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னார். எனக்கு விளங்காதது அந்த மணிக்கூட்டுக்கு விளங்கும் போல...

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். ஒரு கடிதத்தை ஒட்டிய பிறகு பிரித்துப் பார்த்து மீண்டும் ஒட்டுகிறவள். கோபம் எனக்கு லேசில் வராது. வந்தாலும், இந்தக் கோபம் சரிதானா என்று யோசிப்பதற்குள் ஆறிவிடும். இந்தக் கிழமை ஆறவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு நான் கொண்டுபோனது ஒரு விளையாட்டுச் சாமான். உள்ளங்கை அளவு. பற்றரியில் வேலை செய்வது. சின்னத் திரையில் ஒரு தபால்காரன். மேலே மூன்று யன்னல்கள். அவற்றிலிருந்து விழுகிற கடிதங்களை அவன் ஓடியோடிப் பையில் பிடிக்க வேண்டும். தவறவிட்டால் ஒரு நாய் வந்து கடிக்கும். இவ்வளவுதான் விளையாட்டு. என் கணவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், குவைத்திலிருந்த அவருடைய மாமா கொண்டுவந்து கொடுத்தது. பதினைந்து வருஷமாக அலுமாரியில், வேட்டிக்குக் கீழே, யாரும் தொடாமல் வைத்திருந்தார்.

எங்கள் மகளுக்கு எட்டு வயது. இரண்டு மாதத்துக்கு முன் குர்ஆன் ஓதி முடித்தாள். எல்லாருக்கும் சீனி, பழம் கொடுத்தோம். சொந்தக்காரர் சட்டைத்துணி கொடுத்தார்கள். இவர் அலுமாரியைத் திறந்து அந்தத் தபால்காரனை எடுத்து மகளுடைய கையில் வைத்தார். "இது வாப்பாட சாமான். இனி உனக்கு." அன்றைக்கு அவள் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

இனி நான் செய்த வேலையைச் சொல்கிறேன்.

வெளிநாட்டுச் சாமான் வந்தால் எங்கள் ஊர் வீடுகளில் அதன் மேல் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளை உரிக்க மாட்டார்கள். கவனித்திருப்பீர்கள். ரி.வி. வாங்கி ஆறு வருஷம் ஆகியிருக்கும். பெட்டியின் ஓரமெல்லாம் தாள் அப்படியே இருக்கும், மஞ்சளாகி, குமிழி விட்டு. மின்விசிறியின் இறக்கையில் தாள். சாப்பாட்டு மேசையில் தாள். உரித்தால் சாமான் பழையதாகிவிடுமாம். இந்தப் பழக்கம் எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. யார் வீட்டுக்குப் போனாலும் விரல் நகம் துடிக்கும்.

அதற்கு முந்திய கிழமை, புதன்கிழமை. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவளுடைய மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இந்தச் சாமான் கிடந்தது. திரைக்கு மேலே இருக்கிற கண்ணாடி எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. அதற்குக் கீழே ஒரு மெல்லிய தாள்... மஞ்சளாகி, ஓரத்தில் குமிழி விட்டு. எனக்கு வேறு என்ன தோன்றும்? பதினைந்து வருஷமாக ஒருவரும் உரிக்காத தாள் என்று நினைத்தேன். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினேன். முழுசாக வந்துவிட்டது. மிச்சமிருந்த பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தேன். திரை பளபளவென்று இருந்தது. மனதுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

பிறகு பொத்தானை அழுத்தினேன். 'பிப் பிப்' என்று சத்தம் வந்தது. தபால்காரனைக் காணவில்லை. நாயும் இல்லை, யன்னலும் இல்லை. வெறும் சாம்பல் நிறம்.

தாளை அப்போதே குப்பையோடு எரித்திருந்தேன்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய் சோறு சமைத்தேன். கொஞ்சம் காய்ந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பின்னேரம் மகள் எடுத்துப் பார்த்தாள். வாப்பாவிடம் கொண்டுபோனாள். நான் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னத்தச் செஞ்ச இதுக்கு?"

"நான் ஒண்டும் செய்யல்ல வாப்பா."

"ஒண்டும் செய்யாம எப்படிப் போற? பதினஞ்சு வருஷம் நான் வெச்சிருந்த சாமான். உனக்கு ரெண்டு மாசம் வெச்சிருக்க ஏலல்ல. அழுத்தி அழுத்தி உடைச்சுப்போட்டு, பொய் வேற."

சாமானை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"பெருநாளைக்கி சைக்கிள் கேட்டாய் என்ன? இதையே பாவிக்கத் தெரியாதவளுக்கு சைக்கிள் எதுக்கு. இல்ல."

குசினிக்கும் அவர்கள் நின்ற இடத்துக்கும் எட்டு அடி தூரம். நான் அந்த எட்டு அடியை நடக்கவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தேவைக்கு மேலேயே துருவினேன்.

ஒரு கிழமையாக அந்தப் பிள்ளை வாப்பாவோடு கதைக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் 'ஓம்', 'இல்ல'. நான் அவளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். தலையில் எண்ணெய் வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாம் செய்தேன். எப்படியாவது அதைத் திருத்திக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டால், யாரிடமும் ஒன்றும் சொல்லத் தேவையில்லையே... அந்தக் கணக்கோடுதான் இவர் வரிப்பத்தான்சேனை வயலுக்குப் போன நேரம் பார்த்து வியாழக்கிழமை கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பொத்தானை அழுத்தினார். காதில் வைத்துப் பார்த்தார். "ஐ.சி. போயிட்டு" என்றார்.

"சத்தம் வருதே காக்கா. ஐ.சி. போனா சத்தம் எப்படி வாற?"

"அது வேற ஐ.சி."

"எத்தின ஐ.சி. இரிக்கி இதுக்குள்ள?"

அப்போதுதான் அந்த வசனம் வந்தது. ஆம்புளையாள அனுப்புங்க. பக்கத்தில் டோச் லைட்டோடு நின்ற ஒருவர் சிரித்தார். "படிச்ச புள்ள போல... இனி உங்களுக்கு வகுப்பெடுக்கும், காக்கா" என்றார்.

நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள். பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதவில்லை; கலியாணம் முடிந்தது. அது வேறு கதை. ஆனால் அவர் அந்தச் சாமானைத் திறக்கக்கூட இல்லை. திறக்காமலே ஐ.சி. போனதாம். அதைக் கேட்டால் விளங்காது. விளங்கினால் வகுப்பெடுக்கிறேனாம். ஒரு பெண் கேள்வி கேட்டால் இந்த இரண்டைத் தவிர வேறு பதிலே இல்லையா?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கொதித்தேன். கொதித்ததில் ஒரு நன்மை. வெள்ளிக்கிழமை அரிசி அரித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூட ஆய்வுகூடம் நினைவுக்கு வந்தது. ரீச்சர் இரண்டு தாள்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கம் திருப்பினால் வெளிச்சம் வரும், மற்றப் பக்கம் திருப்பினால் இருட்டு. ஒளியை ஒரு திசையில் மட்டும் போகவிடுகிற தாள் அது. கல்குலேட்டர் திரையிலும் இது இருக்கிறது என்று சொன்னார். குறிப்பெடுத்து, அடிக்கோடும் போட்டேன்.

இவருடைய கறுப்புக் கண்ணாடியும் அந்த வகைதான் என்று கட்டாரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மச்சான் பெருமையாகச் சொல்லியிருந்தார். ஆணியில் தொங்கிய கண்ணாடியை எடுத்துச் சாமானுக்கு மேலே பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் சாய்த்தேன்... தபால்காரன் வந்துவிட்டான். பையோடு நிற்கிறான். நாய், யன்னல், எல்லாம் அந்தந்த இடத்தில். மற்றப் பக்கம் சாய்த்தேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளைத் தபால்காரன். அரிசித் தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றேன்.

ஐ.சி. போகவில்லை. போனது நான் உரித்த தாள் மட்டும்.

சனிக்கிழமை மீண்டும் அதே கடை. சாமானையும் கண்ணாடியையும் மேசையில் வைத்தேன். "இதால பாருங்க காக்கா. சாய்ச்சுப் பாருங்க."

அவர் பார்த்தார். சாய்த்தார். மற்றப் பக்கமும் சாய்த்தார். பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இதுக்கு மேல ஒரு தாள் இரிந்திருக்குமே. ஆரு உரிச்ச?"

யாரும் கேட்காத கேள்வி. வாப்பா கேட்கவில்லை, உம்மா சொல்லவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர் கேட்கிறார்.

"நான்தான்" என்றேன்.

"அத முதல்லயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி."

சொல்லியிருக்கலாம். அவர் திறக்காமல் பொய் சொன்னார். நான் வாயைத் திறக்காமல் உண்மையை மறைத்தேன். இதில் யார் மேல் கோபப்படுவது?

மேசைக்குக் கீழிருந்து செத்துப்போன ஒரு பெரிய கல்குலேட்டரை எடுத்தார். அதன் திரையில் இருந்த தாளைப் பிளேட்டால் மெதுவாகக் கிளப்பி, அளவுக்கு வெட்டி வைத்தார். வெள்ளைத் தபால்காரன் வந்தான். "திருப்பி வையுங்க காக்கா" என்றேன். திருப்பி வைத்தார். கறுப்புத் தபால்காரன் வந்தான். கடிதம் விழுந்தது. பிடித்தான்.

கையில் தரும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாப்பிள்ளைக்கிட்ட பற்றரிப் பிழை எண்டு சொல்லுங்க. என்னக் கேட்டாலும் நான் அதத்தான் சொல்லுவன். வீட்டுக்குள்ள என்னத்துக்குப் பிரச்சினை."

நல்ல மனதோடுதான் சொன்னார். உண்மையைச் சொல்லட்டுமா... நான் அதற்கு 'ஓம்' என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். பஸாரிலிருந்து வீடு வரை 'பற்றரிப் பிழை, பற்றரிப் பிழை' என்று பாடமாக்கிக்கொண்டே வந்தேன்.

மகரிபுத் தொழுகைக்குப் பிறகு இவர் மேசையில் அதைக் கண்டார். அழுத்திப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஆ, சரியாப் போச்சா? நல்லது. மகளுக்கிட்ட சொல்லு, இனியாவது ஒரு சாமான ஒழுங்கா வெச்சிருக்கச் சொல்லி."

மகள் கதவோரத்தில் பள்ளிக்கூடக் கொப்பியோடு நின்றாள். அவள் நின்ற நிலையைப் பார்த்தேன். தோளைக் குறுக்கி, அடுத்த ஏச்சுக்குத் தயாராக. பாடமாக்கியது எல்லாம் மறந்துபோயிற்று.

"அவ உடைக்கல்ல. நான்தான் அந்தத் தாள உரிச்ச. நீங்க அவக்கு ஏசக்குள்ள நான் குசினிக்குள்ள கேட்டுக்கிட்டு நிண்ட."

அவர் என்னைப் பார்த்தார். நான் எதற்கும் ஆயத்தமாக இருந்தேன். அவர் சிரித்தார்.

"நீயா புள்ள? அதுக்கா ஒரு கிழமையா முகத்த இப்படி வெச்சிக்கிட்டு இரிந்த? போகட்டும். துப்புரவாக்கத்தானே செஞ்ச."

சொல்லிவிட்டு விளையாடத் தொடங்கினார். பிப், பிப், பிப்.

கடைக்காரர் மேல் வந்த கோபமெல்லாம் ஒரு கோபமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

"எனக்கும் ஏசுங்க" என்றேன்.

"என்ன?"

"அவக்கு ஏசின மாதிரி எனக்கும் ஏசுங்க. பதினஞ்சு வருஷம் வெச்சிருந்த சாமான். அழுத்தி உடைச்சா எண்டு நினைச்சதுக்கே சைக்கிள் இல்ல எண்ட நீங்க. உரிச்சு எரிச்சவ நான். எனக்கு என்ன இல்ல?"

"நீ நல்லதுக்குச் செஞ்ச."

"அவ கெட்டதுக்கா செஞ்ச? அவ செய்யவே இல்லியே."

பிப் சத்தம் நின்றது. நாய் கடித்திருக்க வேண்டும்.

பெருநாள் அன்றைக்கு எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பெரியவர்களின் கையைப் பிடித்து மாப்புக் கேட்பார்கள். வருஷம் முழுக்கச் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. நானும் என் வாப்பாவிடம், உம்மாவிடம் கேட்டுத்தான் வளர்ந்தேன். பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்டதை என் ஆயுளில் கண்டதில்லை. பெரியவர்கள் வருஷம் முழுக்க ஒரு பிழையும் செய்வதில்லை போலும்.

நான் போய் மகளுக்கு முன்னால் முழங்காலில் நின்று அவளுடைய கையைப் பிடித்தேன். "உம்மா பிழை செஞ்சிட்டன் மகள். ரெண்டு பிழை. சாமான உடைச்சதும், சொல்லாம இரிந்ததும். மாப்புத் தா."

"இதென்ன புதுப் பழக்கம்" என்றார் இவர், பின்னாலிருந்து. "உம்மா புள்ளக்கிட்ட மாப்புக் கேக்கிறதா? நாளைக்கித் தலையில ஏறி இரிப்பா."

நான் திரும்பிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேனோ தெரியாது. சாமானை மேசையில் வைத்துவிட்டு அவரும் பக்கத்தில் வந்து நின்றார். மாப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

"சரி மகள். பெருநாளைக்கி சைக்கிள் எடுப்பம் என்ன?"

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கட்டிப் பிடிப்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. என் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"சைக்கிள் வேற வாப்பா, மாப்பு வேற" என்றாள். பிறகு என்னிடம், "நான் யோசிச்சுச் சொல்றன் உம்மா."

கொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்றைக்கு நாலு நாள். இன்னும் யோசிக்கிறாள்... யோசிக்கட்டும். வீட்டில் இரண்டு பெரிய ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கிறோம்.