நான் எழுதிக் கொடுத்த சாட்சி

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனாலேயே எதையும் அழகாக எழுதிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளில் கரையான்சாவடியில், பாலியல் தொழிலையும் குடியையும் விட்டு வந்த பெண்களுக்கு எங்கள் சபை ஒரு விடுதி நடத்தியது. அங்கே வேலை பார்த்தேன். ஒரு வருடம் குடிக்காமல் இருந்தவர் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம்.

அந்த வாரம் சமையல்கார அக்காவின் முறை. அவருக்கு எழுத்து தெரியாது. "பாவச் சேற்றில் உழன்றேன்" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதி, வாசித்துக் காட்டினேன்.

"இன்னா தம்பி, அல்லாத்தையும் எழுதிக்கீற? இஸ்கூல் ஆஸ்டல்லேர்ந்து என் பொண்ணு வருது. நான் ஊட்டு வேல செஞ்சேன்னுதான் அதுக்குத் தெரியும்."

"உண்மையைத்தானேக்கா சொல்றோம்?"

"உனுக்கின்னா, எழுதிட்டுக் குந்திகினு இருப்ப!"

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்து வயதுப் பெண் முதல் வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். அக்கா மறந்தால் அடியெடுத்துக் கொடுக்க நான் தாளோடு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒரு வருசமா ஏசப்பா என்னப் பாத்துக்கினாரு. காலைல கை நடுங்காம காய் நறுக்குறேன். இன்னிக்கு மீன் கொயம்பு. அல்லாரும் துன்னுட்டுத்தான் போவணும்."

போதகர் அல்லேலூயா சொல்வதற்குள் மகள் கத்தினாள்: "மீன் தல எனுக்கும்மா!"

சபையே சிரித்தது.

"உனுக்குத்தான்டி எட்த்து வச்சிக்கீறேன்" என்றார் அக்கா.