மூன்றாம் படி வரைக்கும்

எப்போதாவது வெயில் அடிக்கிற நவம்பர் காலையில் கையில் குடையோடு வேலைக்குக் கிளம்புகிற ஒரே ஆள் எங்கள் தெருவில் நான்தான். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்கிற சின்ன ஊரில் பதினாறு வருடமாக இருக்கிறேன். எழுந்ததும் போனில் வானிலை பார்ப்பேன். முதல் பக்கத்தில் தாம்பரம் வரும், தள்ளினால்தான் டெல்ஃப்ட். அரைத் தூக்கத்தில் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டுக் குடையை எடுத்துக்கொள்வேன். எதிர்வீட்டு மரைக்கே எழுபது வயதுப் பெண்மணி, தனியாக இருப்பவர். ஒரு நாள் நீல வானத்தையும் என் குடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்று மழை உண்டா?" என்று கேட்டார். "உண்டு, பலத்த மழை" என்றேன். எந்த ஊரில் என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. பாவம், காயப்போட்டிருந்த துணியை எல்லாம் அவர் உள்ளே எடுத்து வைத்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

என்னைப் போல் வெளிநாட்டில் கிடக்கிறவர்களுக்கு இது புரியும். ஊரில் இருக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் எங்கள் அப்பா கட்டிய வீட்டில் என் அக்கா வசந்தா தனியாக இருக்கிறாள். பல்லாவரம் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருடம் கணக்கு டீச்சர், இப்போது ஓய்வு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது ஏன் என்று கேட்கிறவர்களிடம் "விடை வரல, விட்டுட்டேன்" என்பாள். 2015 வெள்ளத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பு வரை தண்ணீர் நின்றது. அக்கா பக்கத்து வீட்டுக் கோதண்டம் அண்ணாவின் மாடியில் இருந்தாள். அது எனக்கு நான்காம் நாள்தான் தெரிய வந்தது. அதுவரை இங்கே உட்கார்ந்துகொண்டு, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று சொல்கிற அந்தப் பெண் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வருடா வருடம் மழைக்காலம் வந்தால் எங்களுக்குள் சண்டைதான். வீட்டை விற்றுவிட்டு உயரமான இடத்துக்குப் போ என்பது என் கட்சி. போன முறை ஊருக்குப் போனபோது சேலையூரில் மூன்றாம் மாடியில் ஒரு ஃபிளாட்டையே பார்த்து வைத்தேன். அக்கா வந்தாள், பால்கனியில் நின்றாள், எட்டிப் பார்த்தாள். "நல்லாதான் இருக்கு. ஆனா கீழ பாத்தா எல்லாம் கார் கூரையா தெரியுது" என்றாள். வாக்குவாதம் முற்றி, ஆட்டோவில் வீடு திரும்பும் வழியில் அவளே ஒரு ஒப்பந்தம் போட்டாள். எங்கள் வாசலில் ஐந்து கடப்பா கல் படிகள். அந்த வெள்ளத்தில் மூன்றாம் படி நனைந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. "இந்த வருஷம் மூணாம் படி நனைஞ்சா வித்துடலாம். நனையலன்னா இந்தப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது. சரியா?" என்றாள். தினமும் படியைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று நான் ஒரு நிபந்தனை சேர்த்தேன். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, அதனால் எனக்கும் பேச உரிமை உண்டு என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

ஐப்பசி பாதியில் படங்கள் வர ஆரம்பித்தன. அங்கே நண்பகல், இங்கே காலை ஏழரை. நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும் நேரம். பள்ளியை விட்டு வரும்போது கரும்பலகையில் கோடு போடுகிற நீள மர ஸ்கேல் ஒன்றை ஞாபகத்துக்கென்று அக்கா கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதைப் படியோரமாகச் சாய்த்து வைத்துப் படம் எடுப்பாள். கீழே ஒரு வரி இருக்கும்: "முதல் படிக்கு இன்னும் 4 செ.மீ." நான் படத்தை விரல்களால் விரித்துத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்ப்பேன். எண்ணைப் படித்துவிட்டு மூடிவிடுவேன். வெண்ணெய்க் கையால் தினமும் தொட்டுத் தொட்டுப் போன் திரை பிசுபிசுவென்று ஆகிவிட்டது.

படத்தில் தண்ணீரைத் தவிர வேறு சங்கதிகளும் இருந்தன. எனக்கு அவை எரிச்சலாகத்தான் பட்டன. ஒன்றில் ஐந்தாம் படியில் டபரா டம்ளர், ஆவியோடு. ஒன்றில் ஸ்கேல்மீது ஒரு நத்தை, சரியாக எண் தெரிய வேண்டிய இடத்தில். "நத்தையைத் தள்ளிவிட்டு எடுக்கக் கூடாதா?" என்று எழுதினேன். "அதுவே ஏதோ அவசரமா போயிட்டிருக்கு. தொந்தரவு பண்ணாத" என்று பதில் வந்தது. அப்புறம் ஒரு தேரை. இரண்டாம் படியின் இடது ஓரத்தில் தொப்பையைப் பரப்பிக்கொண்டு, தண்ணீரையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். அக்கா அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தாள். மழை வந்தால் வருவார், பார்வையிடுவார், ஒன்றும் செய்ய மாட்டார் என்பது அவள் சொன்ன காரணம்.

ஒரு சனிக்கிழமை மரைக்கே ஆப்பிள் கேக் கொண்டுவந்தார். மேஜைமேல் போன் திறந்து கிடந்தது. தெரு முழுக்கத் தண்ணீர், அதில் எங்கள் செம்பருத்திச் செடியின் நிழல், எதிர்வீட்டு கேட் ஓரம் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு, இந்தப் பக்கம் நனைந்து மின்னும் கறுப்புப் படிகள், தாசில்தார். மரைக்கே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "உங்கள் குடும்ப வீடு கால்வாய் ஓரத்திலா இருக்கிறது? கொடுத்துவைத்தவர்கள்" என்றார். இங்கே கால்வாயைப் பார்த்த வீடு என்றால் அப்படி ஒரு மவுசு. அது கால்வாய் இல்லை, தெரு என்றேன். "தெருவிலேயே கொக்கு வருமா?" என்று இன்னும் சந்தோஷப்பட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளம், ஆபத்து, அக்கா தனியாக இருக்கிறாள் என்று என் ஓட்டை டச்சில் வரிசையாகச் சொன்னேன். அவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். "மன்னிக்க வேண்டும். ஆனால் இது பயந்த ஒருவர் எடுத்த படம் மாதிரி இல்லையே" என்றார். இந்த ஊர்க்காரர்கள் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்கள், சுற்றி வளைக்கிற வழக்கம் கிடையாது.

இங்கே கடல் எங்களைவிட உயரத்தில் இருக்கிறது. எங்கோ பம்புகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவதற்கென்றே ஆட்கள் வேலையில் இருக்கிறார்கள். அதனால் யாரும் வாசலைக் குனிந்து பார்ப்பதில்லை. முடிச்சூரில் அந்த உத்தியோகத்தை அக்காவும் தாசில்தாரும் பார்க்கிறார்கள். மரைக்கே போன பிறகு முதல் நாளிலிருந்து எல்லாப் படங்களையும் வரிசையாகத் திறந்தேன். இந்த முறை விரிக்காமல், முழுசாகப் பார்த்தேன். ஒன்றில் ஈரக் கல்லில் ஒட்டிய வேப்பிலைகள். ஒன்றில் மழை விட்ட ஐந்து நிமிட வெயில் படியின் பாதியில் மட்டும். ஒன்றில் கிண்ணத்தில் வாழைக்காய் பஜ்ஜி, ஒன்று கடித்தபடி. ஒன்றில் தெருத் தண்ணீரில் பொடி மீன்கள், அவற்றைப் பார்க்க வந்த அக்காவின் கால் விரல்கள், மெட்டி இல்லாத, நகத்தில் மருதாணி வைத்த விரல்கள். ஐம்பத்தெட்டு வயதில் மழை நாளில் உட்கார்ந்து மருதாணி அரைத்திருக்கிறாள். நான் அவளுக்காகப் பயந்துகொண்டிருந்த அத்தனை நாளும் அவள் பாட்டுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கிறாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஏற வேண்டும் என்று எனக்குள் ஒரு மூலையில் ஆசை இருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, ஆனால் மூன்றாம் படி மட்டும் நனைந்துவிட வேண்டும். நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட வேண்டும். அப்புறம் எனக்கு நிம்மதி, மழைக்காலத்திலும் நிம்மதி. அக்காவின் சந்தோஷத்தைப் பார்த்த பிறகும் அந்த ஆசை உடனே போய்விடவில்லை, அதுதான் வெட்கக்கேடு.

அடுத்த வாரம் மழை வலுத்தது. முதல் படி மூழ்கி, இரண்டாம் படியின் விளிம்பைத் தண்ணீர் தொட்டது. அடுத்தடுத்த நாட்களில் வந்த இரண்டு படங்கள் எனக்கு ஒன்றுபோலவே இருந்தன. அதே ஓரத்தில் அதே தேரை, அதே வேப்பிலை, அதே அளவு. வானிலை அறிக்கையோ நாள் முழுக்க மழை என்கிறது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நேத்து எடுத்த போட்டோவையே இன்னைக்கும் அனுப்புறியா?" என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் யாரிடம் என்ன கேட்டோம் என்று உறைத்தது. பதில் உடனே வந்தது. "முப்பது வருஷம் காப்பி அடிச்ச பசங்களைப் பிடிச்சவ நான். என்னையே காப்பி அடிச்சேன்னு சொல்றியா? தேரை தினம் அங்கதான் உக்காரும். நான் என்ன செய்ய?" அதோடு சரி. நான் அனுப்பிய மன்னிப்புகள் எல்லாம் படிக்கப்பட்டன, பதில்தான் இல்லை.

மறுநாள் ஏழரைக்குப் படம் வரவில்லை. எட்டு மணிக்கும் இல்லை. கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்து, சமாதானமாகப் பேசலாம் என்று கூப்பிட்டேன். அந்தப் பெண் குரல் வந்தது. தொடர்பு எல்லைக்கு வெளியே. படி, பந்தயம், ஃபிளாட் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. தண்ணீர் ஏறக் கூடாது, ஏறக் கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு கோதண்டம் அண்ணாவின் எண்ணைத் தேடினேன். எங்கள் மனை உட்பட அந்தப் பக்கம் பாதி நிலம் ஒரு காலத்தில் அவர் அப்பாவின் நெல் வயல். இப்போது மெயின் ரோட்டில் சிமென்ட் கடை வைத்திருக்கிறார்.

"இன்னா தம்பி, சௌக்கியமா?" என்றார் சாவகாசமாக.

"அண்ணா, அக்கா போன் எடுக்கல. தண்ணி எவ்ளோ இருக்கு?"

"அதுவா? வடிஞ்சிகினு கீது. காலைல கொஞ்சம் பேஜார் பண்ணுச்சு, அப்பால எறங்கிடுச்சு. எங்க கழனி இருந்த எடம் தம்பி, தண்ணி எப்டி வரும் எப்டி போவும்னு எனக்குத் தெரியாதா?"

"அக்கா எங்கண்ணா?"

"தோ, வாசப்படில குந்திகினு கீறாங்க. கரண்ட் இல்லபா. இரு, போட்டோ புடிச்சு அனுப்புறேன்."

படம் வந்தது. பாதிப் படத்தை அவர் கட்டை விரல் மறைத்திருந்தது. மீதிப் பாதியில் அக்கா, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்கேலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, நான்காம் படியில் உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதேன். நல்லவேளை, நல்லவேளை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்று ஆபீசுக்குத் தாமதமாகப் போனேன்.

மதியம் அவளே கூப்பிட்டாள். "எதுக்குடா அவரை மழையில அலைய விட்ட? காலையிலேர்ந்து கரண்ட் இல்ல, சார்ஜ் போயிடுச்சு, இப்பதான் வந்துச்சு. நேத்து மட்டும்தான் கோபம்" என்றாள். பிறகு பேச்சை மாற்றினாள். "சேகர், ஒண்ணு சொல்லணும். காலைல ஏழு மணிக்கு மூணாம் படி நனைஞ்சுது. அரை சென்டிமீட்டர். பத்து நிமிஷம் இருந்துட்டு இறங்கிடுச்சு. யாரும் பாக்கல. ஆனா பேச்சுன்னா பேச்சு. வித்துடலாம்." குரலில் ஒன்றும் தெரியவில்லை. அவளே தொடர்ந்தாள். "அந்த ஃபிளாட் பால்கனியில செடி வைக்க விடுவாங்களா?"

"அளவை போட்டோ எடுத்தியா?" என்றேன்.

"போன்தான் செத்துக் கிடந்துச்சே."

"போட்டோ இல்லன்னா செல்லாது."

"டேய், நான் பார்த்தேன்டா. நான் சொல்றேன்ல?"

"டீச்சர் சொன்னா போதுமா? ப்ரூஃப் வேணும். நீதான சொல்லிக் குடுத்த."

மூக்கை உறிஞ்சினாள். "ராஸ்கல்" என்றாள். இரண்டாம் படி மூழ்கினாலே பையை எடுத்துக்கொண்டு கோதண்டம் அண்ணா மாடிக்குப் போய்விட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அதற்கு மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டாள். இத்தனை வருடச் சண்டையில் இவ்வளவு லேசாக நான் எதிலும் தோற்றதில்லை, இவ்வளவு நிம்மதியாகவும் இருந்ததில்லை.

தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் ஏழரைக்குப் படம் கேட்டேன். "காஞ்ச படியில என்னத்த பார்க்கப் போற?" என்று கேட்டுக்கொண்டே அனுப்பினாள். நாலைந்து நாளில் அவளுக்கும் ஒரு யோசனை வந்தது. "தினம் நானே அனுப்புறேன். உன் வாசலை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எடுத்து அனுப்பு." கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், என் வீட்டு வாசலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தேன். பதினாறு வருடத்தில் முதல் முறையாக அதைக் கவனித்துப் பார்த்தேன். செங்கல் பாவிய நடைபாதை, இடுக்குகளில் பச்சைப் பாசி, என் சைக்கிள் சக்கரத்தில் சிக்கிய மஞ்சள் இலை, கதவு. நன்றாகத்தான் இருந்தது. எடுத்து அனுப்பினேன்.

பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. படத்தை விரல்களால் விரித்து, ஓரம் ஓரமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"டேய், படி எங்கடா?"

"இங்க படி கிடையாது அக்கா. தெருவும் வீடும் ஒரே மட்டம்."

ஏதோ எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

"ஒரு படிகூட இல்லையா? தண்ணி வந்தா எங்கடா போவ?"

குளிரில் விரல் மரத்திருந்தது. ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பினேன்.

"முடிச்சூருக்கு."