மஞ்சுக்குள் எறிந்த தீப்பெட்டி

முகத்தில் ஈரத்துணியைப் போர்த்தியது போல மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கும் வடகவுஞ்சி ஓடைக்கரையில், எறிந்த கல் எங்கே விழுந்தது என்பதைக் காதால்தான் அறிய வேண்டும். தண்ணீரில் விழுந்தால் ‘தொபுக்’, அக்கரை மண்ணில் விழுந்தால் ‘பொத்’. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, அட்டுவம்பட்டியில் என்னோடு இருக்கும் பேத்தி ஸ்டெல்லா எழுதுகிறாள், நடுநடுவே சிரித்துக்கொண்டு.

நான் சிறுமியாக இருந்தபோது பெய்த ஓர் அடைமழையில் எங்கள் அப்பா, நாங்கள் ‘ஐயா’ என்போம், அக்கரை உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் பன்றிக் காவலுக்குப் போயிருந்தார். அந்தக் கிழங்கைச் சுட்டு உப்புத் தொட்டுத் தின்றால்... சரி, அது வேறு கதை. ஓடை பெருகி மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட, அவர் குரல் மட்டும் வந்தது. “தீப்பெட்டி நனைஞ்சு போச்சு! குளுரு தாங்க முடியல!”

வீட்டில் இருந்ததும் ஒன்றுதான். ஆத்தா அதைத் தகர டப்பாவில் அடைத்து என்னிடம் நீட்டினாள். அவளுக்கு நிறைமாதம், கையை வீசி எறிய முடியாது.

“ஊரான் பேரிக்காயெல்லாம் அடிக்கிற கைதான, எறிடீ. இரு, டப்பாவ எடுத்த ஒடனே எறிஞ்சிராத. அதே கனத்துல கல்லப் பொறுக்கி மொதல்ல எறிஞ்சு பாரு.”

பலத்தையெல்லாம் கூட்டி நேராக எறிந்தேன். ‘தொபுக்.’

“மீனுக்கா எறியிற? மேல தூக்கி எறி!”

வானத்தைப் பார்த்து எறிந்தேன். அதுவும் ‘தொபுக்’, எங்கள் காலடிக்குப் பக்கத்திலேயே. இரண்டுக்கும் நடுவாக ஒன்றை வீசினேன். ‘பொத்.’

“அதே கை, அதே வீச்சு” என்றாள் ஆத்தா. டப்பாவை மஞ்சு விழுங்கியது. ஒரு சத்தமும் இல்லை. ஆத்தா என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

“கெடச்சிருச்சு தாயீ, புல்லு மேல விழுந்திருக்கு! வெரசா வீட்டுக்குப் போங்க, நனையாதீங்க!”

கொஞ்ச நேரத்தில் மஞ்சுக்குள் செக்கச்செவேலென்று ஒரு வெளிச்சம் கசிந்தது.

போன வாரம் ஸ்டெல்லா கம்ப்யூட்டரில் ஒரு பந்தை எறிந்துகொண்டிருந்தாள். “இது நெசப் பந்து இல்ல அம்மாச்சி, கணக்குப் பந்து. கோணத்தையும் வேகத்தையும் மாத்தி மாத்தி எறியலாம். ஒரு ஓட்டம் முன்னால போகுது, இன்னொரு ஓட்டம் மேல ஏறி எறங்குது. ரெண்டும் சேந்ததுதான் இந்த வளைவு” என்றாள். பந்து போன வழியெல்லாம் புள்ளி புள்ளியாக நின்றது.

“ஒரு ஓடை போடுடீ” என்றேன். தாழ்த்தி எறிந்தோம், தண்ணீரில் விழுந்தது. ரொம்ப உயர்த்தினோம், அதுவும் தண்ணீர்தான். நடுவாக எறிந்ததும் அக்கரை! இத்தனை காலம் மஞ்சு என்னிடம் மறைத்து வைத்திருந்த வழியை முழுதாகக் கண்டுவிட்டேன். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எனக்கு இதைக் காட்டிய பிள்ளை நன்றாயிருக்கட்டும்.

இப்போது அந்த ஓடைக்குச் சிமெண்டுப் பாலம் வந்துவிட்டது, பஸ் போகிறது. கிழங்குத் தோட்டத்தில் விடுதி நிற்கிறது. ஆத்தாவும் இல்லை, ஐயாவும் இல்லை.

“அக்கரையில எங்கய்யாவ நிறுத்து” என்றேன். குச்சி குச்சியாக ஓர் ஆளை வரைந்தாள்.

“குளுருதுல்ல, கம்பளி ஒன்னு போத்திவிடு.”

“இது ஃபிஸிக்ஸ் பாடம் அம்மாச்சி!” என்று சிணுங்கிக்கொண்டே சிவப்புக் கம்பளி போர்த்தினாள்.

பொத்தானை நானே அமுக்கினேன். பந்து ஏறி, இறங்கி, அவர் காலடியில் போய் விழுந்தது.