எங்கள் பேஸ்மென்ட் பந்தயக்காரனைப் பார்க்க ஏரிக்கரைக்கு ஒரு நாள்

போன கோடையில், ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கார்ப் பந்தயம் பார்க்கப் போனேன். எனக்கும் கார்ப் பந்தயத்துக்கும் ஏழாம் பொருத்தம். நான் பாண், அதாவது ரொட்டி, சுடும் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறவள். முதல்நாள் இரவு வேலை முடித்து வந்து, மூன்று மணித்தியாலம் படுத்து எழும்பி, கால் வீக்கம் வற்றுமுன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனேன். இது அந்த நாளின் கதை. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவிலிருந்து ஏரிக்கரைப் பந்தயத்துக்குப் போக நினைப்பவர்களுக்கும் உதவும்.

போனதற்குக் காரணம் சொரின். மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கும் ருமேனியன். வார நாட்களில் பொதி விநியோகிக்கும் வான் ஓட்டுவான். கிடைக்கிற வார இறுதிகளில் ஓராள் பந்தயக் கார் ஓட்டுவான். நாலு சில்லும் வெளியே தெரிய, ஒரே ஒருவர் படுத்த மாதிரி இருந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஓட்டுவாரே, அந்தக் கார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னை அக்கா என்று கூப்பிடுவதால் அவனும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். எங்கள் பேச்சு ஆங்கிலம். இங்கே அதை எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன்.

அந்த ஞாயிறு அவனுக்கு வாழ்வா சாவா. ஒரு குழுவின் வழமையான ஓட்டுநர் தோள் எலும்பை முறித்துக்கொண்டதால், அந்தக் கார் சொரினுக்கு மூன்று பந்தயங்களுக்குக் கிடைத்திருந்தது. மூன்றாவது, ரொறன்ரோ. முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தால் வருட முடிவு வரை கார் அவனுக்கு. வராவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு இறங்க வேண்டியதுதான். இதற்கிடையில் நகரப் பஸ் ஓட்டும் வேலைக்குத் தெரிவாகி, பயிற்சிக்கு வரச் சொல்லி அழைப்பும் வந்துவிட்டது. திங்கள் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். வயது முப்பத்தைந்து. இரண்டு தோணியில் கால் வைக்க இனி வழியில்லை.

நான் பஸ்ஸின் பக்கம். ஒளிக்க ஒன்றுமில்லை. "தம்பி, பென்சன் இருக்கு, பல்லுக்குக் காப்புறுதி இருக்கு" என்று படிக்கட்டில் காணும்போதெல்லாம் சொல்லிவந்தேன். "ஓம் அக்கா" என்பான். அந்த ஒரு தமிழ்ச் சொல்லை வைத்தே மூன்று வருடம் என்னைச் சமாளித்துவிட்டான்.

அவன் கதை இதுதான். பிரஷோவ் என்ற மலையடி ஊர். தகப்பன் லொறி திருத்துகிறவர். ஒன்பது வயதில் சின்னக் காரில் ஏற்றிவிட்டிருக்கிறார். பதினாறு வயதில், இருந்த காணியை விற்று மகனை இத்தாலிக்கு அனுப்பினார். எங்கள் ஆட்கள் காணி விற்று ஏஜென்சிக்குக் கட்டிப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பவில்லையா? அவர் கார் ஓட்டுவதற்கு அனுப்பினார், அவ்வளவுதான் வித்தியாசம். இத்தாலி, ஜெர்மனி, இங்கிலாந்து என்று ஒவ்வொரு படியாக ஏறினான். வென்றும் இருக்கிறான். ஒரு முறை, உலகத்தின் அதிவேகக் கார்களில் ஒன்றைப் பரீட்சார்த்தமாக ஓட்ட ஒரு நாள் கொடுத்தார்கள். அன்றைக்கென்று பார்த்து மழை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பே வரவில்லை. இந்தத் தொழிலில் கெட்டித்தனம் பாதி, பின்னால் நிற்கும் காசு பாதி. அவனிடம் இருந்தது முதல் பாதி. அமெரிக்காவுக்கு வந்து, மதிலில் மோதி மணிக்கட்டை உடைத்து, கடைசியில் எங்கள் பேஸ்மென்டுக்கு வந்து சேர்ந்தான்.

இந்த மூன்று பந்தயத்துக்கும் விளம்பரதாரர் ஒருவரையாவது அவன் கூட்டிவர வேண்டும் என்றது குழு. ரொறன்ரோத் தமிழரிடம் விளம்பரம் கேட்டால் பாதை கடைசியில் வீடு விற்கும் முகவரிடம்தான் போய் முடியும். கோயில் கலண்டர், அரங்கேற்ற மலர், பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் இருக்கும் வாங்கு, எங்கும் அவர்கள் முகம்தானே. எங்களுக்கு வீடு வாங்கித் தந்த வரதன் அண்ணையிடம் சொரினைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "முகம் போடலாமோ?" போட்டார்கள். காரின் நீண்ட முன்பகுதியை மூக்கு என்கிறார்கள். அந்த மூக்கில் கோட்டும் ரையுமாகக் கைகட்டிச் சிரித்தார் வரதன் அண்ணை. கீழே தொலைபேசி எண். அந்த வேகத்தில் எண்ணை யார் வாசிப்பது என்று நான் கேட்கவில்லை. கொடுக்கிற கையைத் தட்டிவிடக் கூடாது.

சரி, பயணம். காலை 7.50க்கு மோர்னிங்சைட்டில் பஸ் ஏறினேன். கட்டணம் 3 டொலர் 30 சதம், அட்டையைத் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குச் செல்லும். கென்னடி நிலையத்துக்கு 45 நிமிடம். அங்கிருந்து சுரங்க ரயில். அன்று ரயில் பாதையில் ஒரு துண்டை மூடிப்போட்டு மாற்று பஸ் விட்டிருந்தார்கள். வார இறுதியில் இது இல்லாவிட்டால்தான் அதிசயம். இறங்கு, ஏறு, மறுபடி இறங்கு, மறுபடி ஏறு. பாதர்ஸ்ட் நிலையத்தில், தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் பிடித்து ஏரிக்கரை வாசலில் இறங்கும்போது 10.15. முப்பத்தைந்து கிலோமீற்றர் போக இரண்டரை மணித்தியாலம். இதே நேரத்தில் சொரின் எவ்வளவு தூரம் போவான் என்று கணக்குப் பார்க்கும் தெம்பு எனக்கு இருக்கவில்லை.

சொரின் தந்த விருந்தினர் அட்டை இருந்ததால் எனக்கு நுழைவுச் செலவில்லை. பையைத் திறந்து பார்த்தார்கள். சாப்பாட்டுக்கு வைத்திருந்த, மீன் கறி அடைத்துச் சுட்ட மீன் பனிஸ் நாலையும் உள்ளே கொண்டுபோக விட்டார்கள். உள்ளே தண்ணீர்ப் போத்தல் 6 டொலர், உருளைக்கிழங்குப் பொரியல் 14. வரதன் அண்ணை ஏற்கெனவே வந்து, வெள்ளைச் சேட்டோடு வியர்த்துக்கொண்டிருந்தார். கார் நிறுத்த 60 டொலர் கொடுத்தாராம்.

பெரிய பந்தயம் பின்னேரம். சொரினுடையது அதற்கு முன் நடக்கும் சின்னப் பந்தயம், பத்தொன்பது கார்கள். சொரின் ஆறாவதாகப் புறப்பட்டான். வழக்கமாக நாங்கள் கார் ஓட்டும் தெருவுக்கு இரண்டு பக்கமும் கொங்கிரீற்று மதில் வைத்துப் பந்தயப் பாதை ஆக்கியிருந்தார்கள். சத்தம் நெஞ்சுக்குள் வந்து இடிக்கிறது. முதலாவது வளைவிலேயே முன்னால் போனவன் திடீரென்று பிரேக் போட, சொரினின் கார் அவன் சில்லில் மோதி மூக்கு உடைந்து பறந்தது. ஒதுங்கிப் போய் வேறு மூக்குப் பூட்டிக்கொண்டு வந்தபோது அவன் கடைசி.

"கலா, என்ர முகம் எங்க? உதில காணேல்லை!" என்றார் வரதன் அண்ணை.

"உடைஞ்சு போச்சு அண்ணை. வேற மூக்குப் பூட்டி விட்டிருக்கினம்."

"அப்ப நான்?"

"மதிலடியில கிடக்கிறியள்."

அவருக்கு முகம் தொங்கிப் போய்விட்டது. "வெறும் மூக்கைப் பாக்கவோ நான் வெயிலுக்க நிக்கிறன்? மார்க்கம் பக்கத்தில ஒரு வீடு காட்ட வேணும்" என்று எழும்பிப் போய்விட்டார். நானும் போயிருப்பேன். முதுகு வலித்தது, கண் எரிந்தது, முடிவும் தெரிந்த மாதிரித்தான் இருந்தது. திரும்ப அந்த மூன்று வண்டியும் ஏற வேண்டுமே என்ற அலுப்பில் அப்படியே இருந்துவிட்டேன்.

பிறகு வேறு இரண்டு கார்கள் மோதின. பாதையைத் துப்புரவாக்கும் வரை எல்லாக் கார்களையும் ஒரு காவல் காரின் பின்னால் மெதுவாக ஓடவிட்டார்கள். அதில் இடைவெளியெல்லாம் சுருங்கி, சொரின் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். அதன் பிறகு அவன் ஓட்டியதை எனக்குச் சொல்லத் தெரியாது. பலகையில் அவன் இடம் முன்னேறிக்கொண்டே வந்தது. பன்னிரண்டு. ஒன்பது. ஏழு. ஆறு. பென்சனும் பல்லுக் காப்புறுதியும் எனக்கு மறந்துபோயின. எழும்பி நின்று "விடாதை தம்பி, விடாதை!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த குடும்பம் பிள்ளையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டது.

கடைசிச் சுற்று. எனக்கு முன்னால் இருந்த வளைவில், ஐந்தாவதாகப் போனவன் கொஞ்சம் அகலமாகத் திரும்பிவிட்டான். உள்பக்கம் இடைவெளி திறந்தது. ஒன்றும் தெரியாத எனக்கே தெரிந்தது. சொரின் போகவில்லை. ஆறாவதாக வந்தான்.

பின்பக்கக் கூடாரங்களில் அவனைக் கண்டேன். குழுவின் முதலாளி அவன் தோளில் தட்டினார், கைகொடுத்தார், போய்விட்டார். அவ்வளவுதான். இருபத்தாறு வருடத்துக்கு அரை நிமிடம். எனக்கு அழுகை வந்தது. அவன் அழவில்லை. உடைந்த மூக்கைத் தேடி எடுத்து வைத்திருந்தான்.

"அண்ணை காசு தந்தவர். இதை அவரிட்டக் குடுக்க வேணும்" என்றான்.

திரும்பும் பாதையை எழுதுமுன் புத்திமதிகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். காரில் போகாதீர்கள், வரதன் அண்ணையின் 60 டொலரை நினையுங்கள். காதடைப்பான் கொண்டு போங்கள், உள்ளே விலை அதிகம். தொப்பி கட்டாயம். நிழல் வேண்டுமென்றால் மேல் வரிசைகள். முதல்நாளே ரயில் மூடலைப் பாருங்கள். அடுத்த முறை பந்தயம் மார்க்கம் நகருக்கு மாறுகிறது என்கிறார்கள். அப்படியானால் என் பாதை உங்களுக்கு உதவாது, மீன் பனிஸ் உதவும். இரவு வேலை முடித்துவிட்டுப் போகவே வேண்டாம்.

பின்னேரம் இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். தலைக்கவசப் பை என் தோளில், மூக்கு அவன் கையில். அரிசி புடைக்கும் சுளகு மாதிரிப் பாரமே இல்லாத சாமான், ஆனால் நீளம். கென்னடியில் மோர்னிங்சைட் பஸ் ஏறியதும் அதை எங்களுக்குப் பக்கத்து இருக்கையில் வைத்தோம். அதில் பாதி விரிசலோடு வரதன் அண்ணை சிரித்துக்கொண்டு வந்தார். முன்னால் இருந்த ஒரு இளம்பிள்ளை திரும்பிப் பார்த்தது.

"வெயிட், உது வரதன் அங்கிள்தானே? எங்கட வீடு அவர்தான் வாங்கித் தந்தவர். கேன் ஐ டேக் எ பிக்சர்?"

எடுத்தது. கொடுத்த காசுக்கு அவருக்குக் கிடைத்த ஒரே விளம்பரம் அதுதான்.

அந்தப் பிள்ளை இறங்கிய பிறகு கேட்டேன். "உள்பக்கம் இடம் இருந்ததே தம்பி?"

"இருந்தது அக்கா. நல்லா இருந்தது."

"பிறகேன் போகேல்லை?"

"போக எண்டுதான் நினைச்சனான். கால் பிரேக்கில நிண்டது. நான் சொல்லேல்லை, தானாப் போய் நிண்டது."

"பயமோ?"

"பயத்தை எனக்குத் தெரியும். அதோடதானே இவ்வளவு காலமும் ஓடினனான். இது அது இல்லை. காலுக்கு அலுத்துப் போச்சு."

அலுப்பைப் பற்றி எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அவன் தொலைபேசி அடித்தது. தகப்பன். அங்கே இரவு பதினொரு மணி, மனிதர் படுக்காமல் இருந்திருக்கிறார். சொரின் அவர்கள் பாஷையில் மெதுவாகப் பேசினான். முழுப் பேச்சிலும் எனக்கு விளங்கியது ஒரு சொல்தான்: ஒட்டோபூஸ், எங்கள் பஸ்தான். அதைச் சொல்லிவிட்டு நிறுத்தினான். காணி விற்ற மனிதர் என்ன சொல்லப் போகிறாரோ என்று நானும் காதை அந்தப் பக்கம் சாய்த்தேன். பிறகு கிழவர் ஏதோ கேட்டார். சொரின் தொலைபேசியைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தான்.

"என்னவாம்?" என்றேன்.

"அதில எத்தினை பேர் இருக்கலாம் எண்டு கேக்கிறார்."

அவன் எழும்பி நின்று, முன்னிருந்து பின்வரை விரலால் இருக்கைகளை எண்ணி, தகப்பனுக்குச் சொன்னான். பிறகு திரும்ப அமர்ந்து, வரதன் அண்ணையின் முகத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, நின்றுகொண்டிருந்த ஒரு மனுசியை வந்து இருக்கச் சொன்னான்.