கரடி குடித்த நோட்டு

திங்கள் காலை ஒன்பது மணிக்கு உஷ் அக்கா கரடியின் வயிற்றைத் திறந்தார். குடம் கவிழ்ந்ததுபோலத் தண்ணீர் கொட்டி, அவர் கால் இரண்டும் நனைந்தன.

நிஜக் கரடி இல்லை, பயப்பட வேண்டாம். சிறுவர் நூலகம் பூட்டியிருக்கும் நேரத்தில் புத்தகம் திருப்பிப் போட வாசலில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அதற்குக் கண்ணும் பல்லும் வரைந்து கரடியாக்கியவர் நூலகரான உஷ் அக்காதான். "கரடிக்குப் பசிக்குது" என்றால் போதும், பிள்ளைகள் படிக்காத புத்தகத்தையும் கொண்டுவந்து போட்டுவிடும். பத்தொன்பது வருடத்தில் அதன் வயிற்றிலிருந்து பாதி கடித்த பிஸ்கட், ஒற்றைச் செருப்பு, அப்பா கண்ணில் படக்கூடாத கணக்குப் பரீட்சைத் தாள் எல்லாம் வந்திருக்கின்றன. அந்தத் தாளை அக்கா மூச்சுவிடாமல் மறைத்துவிட்டார். நல்ல மனுஷி. அந்தக் கட்டடத்திலேயே பெரிய சத்தம் அவர் போடும் 'உஷ்'தான், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

முன்பல் இல்லாத ஒரு சிறுமி காலி பாட்டிலோடு வாசலில் நின்றாள். அக்கா சனிக்கிழமைதோறும் நூலகத்தில் சொல்லும் கதைக்கு முதல் வரிசை ஆள்.

"தாகம் தீந்துச்சா அக்கா?"

"யாருக்குடி?"

"கரடிக்குத்தான்! ஏழு பேரு ஏழு பாட்டில் ஊத்தினோம். தண்ணி கிடைக்காட்டி செத்துரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அக்கா சொன்னது உண்மைதான். கதையை உச்சத்தில் நிறுத்தி, "மீதி அடுத்த சனிக்கிழமை" என்று எழுந்துவிடுவது அவர் வழக்கம். அப்போதுதான் கூட்டம் குறையாது. இந்த முறை நாக்கு வறண்ட கரடியை நடுக்காட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

"அடுத்து கரடிக்கு சளின்னு சொல்லிடாத, தைலத்தோட வந்து நிப்பாங்க," என்று சிரித்தபடி காவலாளி அண்ணன் பெட்டிக்குள் கைவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது. "தங்கச்சி... இது உன் நோட்டு இல்ல?"

இருக்க முடியாது. கதை நோட்டு வீட்டில், சாப்பாட்டு மேஜையில் அல்லவா இருக்கிறது! அக்கா பஸ் ஓட்டும் கணவருக்குப் போன் போட்டார்.

"மேஜையிலேயே கிடந்துச்சு. மறந்துட்டுப் போயிட்டா தவிப்பியேன்னு முதல் ட்ரிப்லயே கரடி வாயில போட்டுட்டேன். கிடைச்சுதா?" மனுஷனுக்கு அவ்வளவு பெருமை.

"கிடைச்சுதுங்க." போனை வைத்துவிட்டார்.

முடிவெட்டுபவர், ஆஸ்பத்திரி ஆயா, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் என்று யார் வாயைப் பிடுங்கியாவது சேர்த்த நாட்டுக்கதைகள்தான் அந்த நோட்டு முழுவதும். மை பேனாவில் எழுதியவை. இப்போது ஒவ்வொரு பக்கமும் ஒரு நீலக் குட்டை.

பக்கங்களை மின்விசிறிக்குக் கீழே தரையெங்கும் பரப்பினார்கள். பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளுக்கு எழுத்து தேவைப்படவில்லை, பக்கத்தைப் பார்த்ததுமே மளமளவென்று வந்தன. ஆனால் கடைசி எழுபது பக்கங்கள் யாருக்கும் சொல்லாதவை. ஓய்வுபெறும் வருடத்துக்கென்று அவர் பொத்திப் பொத்தி வைத்த மிக நல்ல கதைகள். எழுதியாயிற்றே என்று மனம் அவற்றை மறந்தே போயிருந்தது. ஒவ்வொரு பக்கமாகக் குனிந்து பார்த்தார். ஒரு கதைகூட முழுதாக வரவில்லை. சொல்லியவர்களில் பாதிப்பேர் உயிரோடு இல்லை. அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை ஏழு குற்றவாளிகளும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா திட்டவில்லை. முதலில் கரடிக்கு ஓர் ஆற்றைக் காட்டிக் கதையை முடித்தார். பிறகு ஆஸ்பத்திரி ஆயா சொன்ன, யாருக்கும் சொல்லாத கதையை எடுத்தார். ஒரு ராணி தன் தூக்கத்தை ஆந்தைக்கு இரவல் கொடுத்தாள். திருப்பிக் கேட்கக் காட்டுக்குப் போனாள். ஆந்தை ஒரு நிபந்தனை போட்டது.

அங்கே நின்றார்.

"அடுத்த சனிக்கிழமையா?" என்றாள் பல்லில்லாதவள் சலிப்போடு.

"இல்லம்மா. எனக்கே தெரியல."

பிள்ளைகள் பேயறைந்ததுபோலப் பார்த்தன. அக்காவுக்குத் தெரியாத கதையா!

"சொன்னவங்ககிட்ட கேளுங்களேன்."

"செத்துட்டாங்கடி."

பிறகு அக்கா நடுவில் மறந்துபோன பள்ளத்தைத் தாண்டி, ஞாபகமிருந்த முடிவைச் சொன்னார்: ராணி மூன்று நாள் தூங்கினாள், எழுந்தபோது அவள் தலைமுடியில் ஓர் இறகு இருந்தது.

நேரம் முடிந்தது. காவலாளி அண்ணன் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார்.

"யாரும் எழுந்திரிக்காதீங்க," என்றார் அக்கா. "இன்னொண்ணு பாதி ஞாபகமிருக்கு. அதையும் இப்பவே சொல்லிடறேன்."